மலைக்குப் போனால் ஏறும் துடிப்பு

மீனம்மாவுக்கு மாரடைப்பு வந்ததைக் கடைசிவரை நம்பாதவள் மீனம்மாதான். போன வருஷம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றவள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "காலையில தின்ன ரொட்டி கரையல, அவ்வளவுதான்" என்று லொறியில் ஏற்றும்போதும் சொன்னாள், ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டும்போதும் சொன்னாள். அடைப்பை எடுத்து, ஒரு பை நிறைய மாத்திரையோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் கால் வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் நிரையில யாரப் போட்டீங்க?" என்பதுதான்.

கேட்டது புருஷனிடம். பொன்னையா அந்தத் தோட்டத்தில் கொழுந்துப் பெண்களுக்குக் கங்காணி. பெண்களுக்குத் தேயிலைச் செடி நிரை பிரித்துக் கொடுத்து, பின்னாலேயே நடந்து, முற்றல் இலை கூடையில் விழுந்தால் சத்தம் போடுகிற வேலை. மலையில் அந்தச் சத்தத்துக்கு மரியாதை உண்டு. வீட்டில் அது சல்லிக்காசு பெறாது. உடப்புசல்லாவைப் பக்கத்தில் எத்தனையோ தோட்டம் இருக்கிறதே, மீனம்மாவைப் போலக் கொழுந்து எடுக்கிற கை ஒன்றைக் காட்டு பார்க்கலாம் என்று அவர் யாரிடமும் சவால் விடுவார். அவள் காதில் விழாத தூரத்தில்தான். விழுந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாள்.

சில மாதம் ஓய்வெடுத்து, அப்புறம் நாற்றுமேடையில் லேசான வேலை பார்த்து, மெல்ல மெல்ல மலைக்குத் திரும்பினாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய வேகம் அப்படியே இருந்தது. சித்திரை, வைகாசியெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனியில் மழை நின்று காய்ந்த காற்று வீச ஆரம்பித்ததும் வினை தொடங்கியது. காலையில் சிரித்துக்கொண்டு நிரை பிடிக்கிறவள், பகல் சாய்வதற்குள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால் கண் இருட்டும். "நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாங்க" என்பாள். வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. அசதி, வெறும் அசதி.

இதற்குள் கொழும்பில் கடையில் நிற்கும் மகன் நிரோஷன், விரலில் மாட்டினால் நாடித் துடிப்பைக் காட்டும் சின்ன மெஷின் ஒன்றை பஸ்சில் கொடுத்துவிட்டிருந்தான். அது பொன்னையாவுக்குப் பெரிய உத்தியோகமாகிவிட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, தேத்தண்ணி நேரம் ஒரு தடவை, நிறுவைக்கு முன்னால் ஒரு தடவை என்று அவள் விரலைப் பிடித்துவிடுவார்.

"மலையில வச்சுக் கையப் புடிக்கிறாரு பாரு, கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிப் புடிக்கல" என்று மீனம்மா சொல்ல, நிரை முழுக்கச் சிரிப்புக் கிளம்பும். பொன்னையா சிரிக்க மாட்டார். காலையில் எண்பதுக்குக் கீழே நிற்கிற எண், மத்தியானம் நூற்றிருபதைத் தாண்டி நிற்கும். உட்கார வைத்தாலும் சட்டென்று இறங்காது. அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தால் அவருடைய நெஞ்சும் சேர்ந்து ஓடும். இவள் கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அவரை அந்த ஆடி மாதம் முழுக்கத் தின்றது.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் அங்கே வேறு கதை. வயர் ஒட்டிப் பார்த்தால் ஒழுங்கு. நெஞ்சில் களிம்பைத் தடவிப் படம் பிடித்தால், இதயம் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. விரலில் மாட்டினால் எழுபத்தாறு. "மலையில நூத்தி இருவது காட்டுதுங்க டொக்டர்" என்று பொன்னையா சொன்னால், சொல்கிற அவருக்கே தான் பொய் சொல்கிற மாதிரி இருந்தது. டொக்டர் பிரேமினி ஹட்டன் பக்கத்துப் பெண், பொறுமையாகக் கேட்கிறவர். ஆனாலும் கண்முன் நிற்கிற எழுபத்தாறை அவர் என்ன செய்வார்?

தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கோயில் பூசாரி மஞ்சள் நூல் கட்டினார். பக்கத்து லயத்துக்காரி கண்ணூறு என்றாள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரனோ, சுற்றி வளைக்காமல் நேராகவே சொல்லிவிட்டார்.

"கங்காணி, உங்க சம்சாரம் தினமும் கல்லு மேல உட்கார்ந்திருக்கிறத மேனேஜர் தொர பார்த்துட்டாரு. ஒண்ணு வேல செய்யணும், இல்லாட்டி ஏலாதுன்னு டொக்டர்கிட்ட கடுதாசி வாங்கிக் குடுத்துட்டுப் பேர வெட்டிக்கணும். அடுத்த கிளினிக்கோட ஒரு முடிவு சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் பொன்னையாவுக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. பேரை வெட்டிவிட்டால் இவள் வீட்டில் இருப்பாள், உயிரோடு இருப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் வைத்து மெல்ல எடுத்துச் சொன்னார்.

மீனம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு ஒரு வியாதி இருக்குன்னு காட்டுங்க, நானே போய் வெட்டிக்கிறேன். என்னான்னே தெரியாத ஒண்ணுக்குப் பயந்து வீட்டுல உட்காரச் சொல்றீங்களா? நான் மலையில ராணிங்க. இங்க அடுப்படியில யாரு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. இவள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றுதான் பட்டது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பிரேமினி ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். கழுத்தில் தொங்கவிட்டு, அதன் வயர்களை நெஞ்சில் ஒட்டிவிட்டால், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிந்துகொள்ளும். "எப்பவும் போல இருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பொன்னையா எப்பவும் போல விட்டாரா? இவ்வளவு விலையான சாமான், மலையில் கொண்டுபோய்த் தேயிலைக் குச்சி கிழித்தால் யார் பதில் சொல்வது என்று பதறிப்போய், அவளை ஒரு நாள் முழுக்க லயத்தைவிட்டு அசையவிடவில்லை. கட்டிலில் உட்கார வைத்து அவரே தேத்தண்ணி போட்டுப் போட்டுக் கொடுத்தார். பெட்டி வேறென்ன சொல்லும்? எல்லாம் தங்கம் என்று சொல்லிற்று.

"வீட்டிலயா வச்சிருந்தீங்க?" டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மலையில வருதுன்னு என்கிட்ட சொன்னதே நீங்கதானே கங்காணி! மலைக்குக் கூட்டிப் போங்க. பெட்டி உடைஞ்சா நான் பார்த்துக்கிறேன்."

ஆக, இரண்டாம் தடவை பெட்டி மலையேறியது. அன்றைக்கு ஆறாம் நம்பர் மலை; தோட்டத்திலேயே செங்குத்தானது, லயத்துக்கு ரொம்பத் தூரம். மேலே காடு, கீழே பஸ் ரோடு. பெட்டியை ரவிக்கைக்குள் செருகி, மேலே பழைய சட்டையைப் போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மீனம்மா நிரை பிடித்தாள். காற்று உதட்டை வெடிக்கவைத்தது. பொன்னையா அன்றைக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார். அவளுடைய இரண்டு கையும் தனித்தனியே கண் வைத்திருப்பதைப் போல ஓடின. செடியின் மட்டம் பிசகாமல், ஒரு முற்றல் கலக்காமல், பக்கத்து நிரைக்காரியிடம் பேச்சும் நிற்காமல். தேத்தண்ணி நேரத்தில் ரொட்டியைத் தின்று, அது இறங்க ஒரு மூடித் தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு எழுந்தாள். வெயில் ஏற ஏற அவள் முகம் சாம்பல் பூத்தது. விரல் மெஷின் நூற்றிருபத்தெட்டு காட்டியது.

"போதும் புள்ள, இறங்கு."

"பெட்டிக்குத் தெரியணும்ல? இருங்க" என்றாள். கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், எழுந்தாள், தடுமாறினாள், மறுபடி நிரையில் நின்றாள். நிறுவைக்குக் கூடையை அவளேதான் தூக்கி வந்தாள். இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிடிவாதமா என்று பொன்னையாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கிளினிக்கில் டொக்டர் பிரேமினி கம்ப்யூட்டரில் கோடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சும்மா சொல்லக்கூடாது, நீங்க சொன்னது உண்மைதான் கங்காணி. துடிப்போட ஒழுங்கு கெடல. வேகம் மட்டும்தான் கூடுது. காலையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகுது. உட்கார்ந்திருக்கிற நேரமும் இறங்கல. அந்திக்குப் பாருங்க, தானா இறங்கிருச்சு." அவர் மீனம்மாவின் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்ததும் என்னம்மா செஞ்சீங்க?"

"என்னத்தச் செய்ய? காலக் கழுவுனேன். ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன். அடுப்பப் பத்த வச்சேன்."

"ரெண்டு செம்பா? அவ்வளவு தாகத்தோடயா இருந்தீங்க? மலையில தண்ணி குடிக்கலையா?"

"மலையில யாரும் குடிக்க மாட்டோமே."

சோற்றைக் கையால்தான் சாப்பிடுவோம் என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏன்?"

வாயாடி மீனம்மா பக்கத்தில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "குடிச்சா எங்க போறது?"

பொன்னையாவுக்கு விளங்கவில்லை. எங்கே போவதென்றால்? மலையில் இருக்கிறவள் எங்கே போக வேண்டும்? டொக்டரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் காது சுட்டது.

"நீர் போகிறதுக்கு ஒரு மாத்திரை தந்தேனே, அத எப்ப போடுறீங்க?"

"விடியறதுக்கு முன்னாலயே போட்டுருவேன். பெரட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாம் போயிரும். அப்புறம் அந்திவரைக்கும் கவலையே இல்ல." தன் ஏற்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"கிளினிக் வர்ற அன்னைக்கு?"

"பஸ்ல ரொம்ப நேரம் வரணுமே. அன்னைக்கு அதப் போட மாட்டேன். இங்க வந்து நல்லாத் தேத்தண்ணி குடிப்பேன். இங்கதான் கக்கூஸ் இருக்கே."

டொக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "தண்ணிய அளவாக் குடிங்கன்னுதானே சொன்னேன்மா. குடிக்காம இருங்கன்னா சொன்னேன்?"

"நீங்க அப்படிச் சொன்னது எங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சுங்க."

டொக்டர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் இருந்தார். மாத்திரை ஒரு பக்கம் தண்ணீரை வெளியே எடுக்கிறது, இவள் அந்திவரைக்கும் உள்ளே விடுவதில்லை, காற்றும் வெயிலும் மிச்சத்தைக் குடிக்கின்றன. உடம்பில் இருக்கிற கொஞ்சத்தைச் சுற்றவிட நெஞ்சு ஓடாமல் என்ன செய்யும் என்று இருவருக்கும் விளங்க வைத்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. மாத்திரையைப் பாதியாக்கினார். போடும் நேரத்தை மாற்றினார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல. மலையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்க முடியும்னா, தாராளமா வேலை செய்யலாம். முடியாதுன்னா இப்பவே கடுதாசி எழுதித் தாறேன், வீட்டில இருங்க. எது?"

மீனம்மா வாயைத் திறக்குமுன் பொன்னையா சொன்னார்: "கடுதாசி வேணாங்க டொக்டர்."

திரும்பி வரும் பஸ்சில் தேயிலை மலைகள் ஜன்னலில் வந்து போய்க்கொண்டிருந்தன. பொன்னையா மெல்லக் கேட்டார்.

"எத்தன வருஷமா?"

"கூட தூக்குன நாளையில இருந்து."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். உங்க தங்கச்சி ஜெயலெட்சுமியுந்தான். காட்டுப் பக்கம் போனா சிறுத்தைக்குப் பயம், தண்ணி ஓடுற கான் பக்கம் ஒதுங்கினா உங்க கண்ணுக்குப் பயம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? கங்காணிகிட்டயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவசரம் வந்தால் என்ன செய்வார்? மண்மேட்டுக் கரைப் பக்கம் திரும்பி நிற்பார். சில சமயம் பாட்டும் பாடுவார். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் தலையைக் கொழுந்துக்குள் விட்டுக்கொள்வதை, வேலையில் கவனம் என்று நினைத்து மெச்சிக்கொண்டவர் அவர்.

"நிரோஷன் வயித்துல இருக்கும்போது?" என்று கேட்டார்.

மீனம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அப்பந்தான் ரொம்பக் கஷ்டம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பொன்னையாவுக்கு அந்த இடத்திலேயே அவள் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. தொட்டிருப்பார், பஸ்சில் ஆள் இருந்தது.

மறுநாள் தொரையிடம் போய், மலையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்றார். தொரையும் நல்ல மாதிரியாகத்தான் கேட்டுக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகவும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் வரைக்கும் இவள் நெஞ்சு நிற்குமா? பொன்னையா நேரே அழகனைத் தேடிப் போனார். அழகன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், கைவேலைக்காரன். இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஆறாம் நம்பர் மலைக்கு ஏறிக் குழி வெட்டினார்கள். பலகை போட்டார்கள். நாலு கம்பு நட்டு, பழைய படங்குகளைச் சுற்றிக் கட்டினார்கள். சுதாகரன் விஷயம் கேள்விப்பட்டு மூச்சு வாங்க மேலே வந்தார்.

"யாரக் கேட்டுக் கட்டுறீங்க?"

"முப்பது வருஷமாக் கேட்காததுக்கு இன்னைக்குக் கேட்கச் சொல்றீங்களா சார்? புடுங்கணும்னா புடுங்குங்க. ஏன் புடுங்கினேன்னு பொம்பளைங்ககிட்ட நீங்களே விளக்கம் சொல்லிக்கங்க."

பொன்னையா கண்டாக்கை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. சுதாகரன் படங்கைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வந்த வழியே இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை நிரை பிடித்தவர்கள் அந்தச் சாக்கு மறைப்பைக் கண்டும் காணாதவர்களைப் போல இருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பொன்னையா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவியின் அருகில் போய் முணுமுணுத்தார். "கஷ்டப்பட்டுக் கட்டினது, ஒருத்தியும் போகலையே?"

"வாசல எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க? ரோட்டுல போற பஸ்சுக்கெல்லாம் தெரியும். ஆம்பளைங்க கட்டினா இப்படித்தான்" என்றாள் மீனம்மா. "அதோட நீங்களும் அந்த அழகனும் இங்க நின்னா எவ போவா?"

பொன்னையா அழகனைக் கூப்பிட்டார். இருவரும் கம்பைப் பிடுங்கி வாசலைக் காட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள். அப்புறம் அழகனையும் மருந்தடிக்க வந்திருந்த மற்ற ஆண்களையும் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். தானும் போகத் திரும்பினார்.

"நீங்க இருங்க" என்றாள் மீனம்மா. "தண்ணி எங்க?"

அவர் தோளில் மாட்டியிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தார். காலையில் கொதிக்க வைத்து ஆறவைத்து அவரே நிறைத்து வந்த தண்ணீர். மீனம்மா கூடையை இறக்கினாள். நிரையில் எல்லாக் கையும் நின்றது. நடு மலையில், வெட்ட வெயிலில், எல்லோர் கண் முன்னாலும் அவள் போத்தலை அண்ணாந்து வாயில் ஊற்றினாள். நெஞ்சு நனைய நனைய, நிறுத்தி நிறுத்தி, ஆசையாகக் குடித்தாள். குடித்து முடித்துப் போத்தலை அவரிடம் நீட்டிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்த நடையாக அந்த மறைப்பை நோக்கி ஏறிப் போனாள். படங்குக்குப் பின்னால் மறைந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று முதல் தடவையாக நம்பினார். வெற்றுப் போத்தலை மூடியபடி திரும்பியவர், பெண்கள் யாரும் இன்னும் கொழுந்தில் கை வைக்கவில்லை என்பதைக் கண்டார். எல்லோரும் அவர் கையில் இருந்த போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே" என்றாள் ஜெயலெட்சுமி. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். "எங்களுக்கும் தண்ணி இருக்கா?"

அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு போத்தல். பக்கத்துக் கொழுந்து மடுவத்தில் கிடந்த இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு, நிரையை அப்படியே விட்டுவிட்டு, கீழே தண்ணீர் விழும் பீலியை நோக்கி இறங்கத் தொடங்கினார்.